4,000 டாலருக்கு ஒரு பழைய செமி-ஹாலோ கிட்டார்

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மிச்சிகன் கான்டனில் இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். கூடப்பிறந்த தம்பி இல்லை. கோவில்பட்டிக்காரர், டெட்ராய்ட் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு அடுத்த மேசை.

“அண்ணே, ஒரு 335 சிக்கியிருக்கு. 67ஆம் வருசம். செர்ரி ரெட். நாலாயிரம் டாலர்ங்கிறான். வாங்கிரவா?”

1967ஆம் ஆண்டு கிப்ஸன் ஈஎஸ்-335 கிட்டார் அந்த விலைக்கு வருகிறது என்றால் சங்கதி ஏதோ இருக்கிறது. “தலை ஒடிஞ்சு ஒட்டினதா?” என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம்.

“ஆமாண்ணே. ஆனா நல்லா ஒட்டியிருக்கான்.”

அன்று போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்த்து எழுதுகிறேன். கையில் 4,000 டாலர். பழைய செமி-ஹாலோ ஒன்று வேண்டும். வீட்டிலும் வாசிக்க வேண்டும், வாரக் கடைசியில் டிரம்ஸோடும் வாசிக்க வேண்டும். தம்பியின் கணக்கு இவ்வளவுதான். வாங்கிப் பூட்டிவைத்துப் பத்து வருடம் கழித்து விற்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் உதவாது.

இந்தச் சாதி கிட்டார் எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உள்ளே முழுக்க வெற்றிடமாக இருக்கும் ஹாலோ-பாடி கிட்டாரை ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) முன்னால் சத்தமாக வைத்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேல்பலகையை அதிரவைக்கும். பலகை கம்பியை அதிரவைக்கும், கம்பியின் அதிர்வு மறுபடி ஆம்புக்குப் போகும். இந்தச் சுற்று நிற்காமல் போய் ஊளையாக வெடிக்கும். உள்ளே வெற்றிடமே இல்லாத கட்டைக் கிட்டாரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஹாலோ-பாடியின் அந்தக் காற்றோட்டமான குரலும் அதில் வராது. கிப்ஸனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியும் அவருடைய ஆட்களும் 1958இல் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். அதுதான் செமி-ஹாலோவான 335. 16 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குலத்துக்குள் கனம், ஓரங்களில் இரண்டு வெற்று அறைகள். நடுவில் மட்டும் நெக்கிலிருந்து (விரல் வைத்துப் பிடிக்கும் கழுத்து) அடிவரை ஓடும் ஒரு மேப்பிள் கட்டை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் அந்தக் கட்டைமேல் உட்காரும். பலகை ப்ளைவுட்தான்: மேப்பிள், பாப்லர், மேப்பிள். ப்ளைவுட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ப்ளூஸ் மேதை பி.பி. கிங் பிற்காலத்தில் லூசில் என்று பெயர் வைத்துக் கொஞ்சியது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஈஎஸ்-355ஐத்தான்.

அது செய்யப்பட்ட கலமஸூ ஊர் என் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பார்சன்ஸ் தெருவில் அந்தச் செங்கல் கட்டடம் இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். கோயில் வாசல்வரை போய்க் கும்பிட்டுத் திரும்பிய மாதிரிதான். 1984இல் அங்கே கதவைச் சாத்திவிட்டு நாஷ்வில்லுக்கே போய்விட்டார்கள்.

சரி, விலைக்கு வருவோம். 335இன் விலையைத் தூக்கிவிடும் அடையாளங்களில் முக்கால்வாசி விரலுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. உங்கள் வாசிப்பை மாற்றும் அளவுகளோ விளம்பரத்தில் எழுதப்படுவதே இல்லை. இதற்கு நான் கண்ட உதாரணம் ஒன்று. சில வருடம் முன்பு ஒரு கடையில் இரண்டு செர்ரி 335களை அடுத்தடுத்து மேசையில் வைத்தார்கள். ஒன்று 1964, மற்றது 1965 தொடக்கம். ஒரே தொழிற்சாலை, சில மாத இடைவெளி. நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான நட், இரண்டிலும் 43 மி.மீ. அகலம். நெக் இரண்டிலும் கையை நிறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வாசித்தேன். எது எது என்று சொல்ல என்னால் முடியவில்லை. முதலாவதில் கம்பிகள் மேல்பலகையில் திருகிய குட்டையான ஸ்டாப் டெயில்பீஸில் மாட்டியிருந்தன. இரண்டாவதில் உடலின் அடியிலிருந்து தொங்கும் நீளமான டிரபீஸ் டெயில்பீஸ். முதலாவதன் விலையில் ஒரு நல்ல கார் வாங்கலாம். இரண்டாவது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

1958 முதல் 1964 வரையிலானவற்றின் சிறப்பு இப்படித்தான் சின்னச் சின்ன அடையாளங்களாகப் போகும். 1962 வரை நெக்கில் பதித்த அலங்காரம் புள்ளி, அப்புறம் கட்டம். கிப்ஸன் பொறியாளர் ஸெத் லவர் வடிவமைத்த, இரண்டு காயிலால் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற ஸ்டிக்கர் இருந்தால் அது பிஏஎஃப் (பேட்டன்ட் அப்ளைட் ஃபார்). சுமார் 1962க்குப் பிறகு காப்புரிமை எண் ஸ்டிக்கர். சுற்றும் கம்பியும் காந்தமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை, ஸ்டிக்கர் மட்டும் மாறியது. ஆனாலும் விலை மாறும். சாயம் பூசாத இயற்கை நிறத்தில் 1958 முதல் 1960 வரை அனுப்பியவை 209தான், அவை தனி உலகம். ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனின் 1964 செர்ரி 335 கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2004இல் 8,47,500 டாலருக்குப் போனது. அது கிளாப்டனுக்குக் கொடுத்த விலை. இருந்தாலும் அந்த ஏலத்தின் சூடு மற்ற 64களின் மேலும் பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பழையதுதான் வேண்டும், பணமும் இருக்கிறது, ஆனால் வீட்டை அடகு வைக்கத் தயாரில்லை என்பவர்கள் இரண்டைத் தேடலாம். 1965 தொடக்கத்தில் அகலமான நட்டோடு வந்தவை ஒன்று. பிக்ஸ்பி வைப்ராட்டோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) போட்டு வந்த 58 முதல் 64 வரையிலானவை இன்னொன்று. இவற்றில் ஸ்டாப் டெயில்பீஸுக்காகப் போட்ட ஓட்டைகளை மறைக்க ‘கஸ்டம் மேட்’ என்று பொறித்த சின்னத் தகடு ஒன்றை அடித்திருப்பார்கள். அந்தத் தகட்டுக்காகவே விலை இறங்கும். மரமும் பிக்கப்பும் அதேதான். ஆனால் நம் தம்பியின் பட்ஜெட்டுக்கு இவையும் எட்டாது. மேலே போவோம்.

1965க்குள்ளேயே நட் அகலம் 43 மி.மீ.யிலிருந்து 40க்குச் சுருங்கியது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். திறந்த ஏ கார்டைப் பிடித்துப் பாருங்கள். மூன்று விரலும் ஒரே ஃபிரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு நடுவே ஒரே கட்டத்தில், உட்கார வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு மாதிரி இருக்கும். நடுவிரல் நகம் பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய விரல்காரர்களுக்கு இது பொருட்டே இல்லை, சிலருக்கு இதுதான் பிடிக்கிறது. ஜாஸ் கிட்டாரிஸ்ட் லேரி கார்ல்டன் தன் பெயரையே ‘மிஸ்டர் 335’ என்று ஆக்கிக்கொண்டது 1960களின் கடைசியில் செய்த ஒரு 335இல்தான். ஆகையால் 65க்குப் பிறகு எல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவரவர் விரல் சம்பந்தப்பட்ட விஷயம் இது. தம்பிக்கு என்னைப்போல வெண்டைக்காய் விரல் இல்லை, முருங்கைக்காய் முனை மாதிரித் தடித்த விரல். ஒடிந்த தலையைவிட அந்த 40 மி.மீ.தான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஒடிந்த தலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிப்ஸன் நெக் மகாகனி. தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும்: முன்பு 17 டிகிரி, 1966 வாக்கிலிருந்து சில வருடம் 14. நட்டுக்குப் பின்னால், நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கும் திருகுக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள், அந்த இடத்தில்தான் மரம் ஆக மெல்லியது. ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் போதும், அங்கேதான் விடும். நீளவாக்கில் பிளந்து, சில்லுகள் காணாமல் போகாமல், ஒழுங்காகப் பசை போட்டு இறுக்கிய வேலை பல வருடம் நிற்கும். குறுக்கே ஒடிந்து, ஸ்க்ரூ போட்டு, மேலே கறுப்புச் சாயம் அப்பியதைத் தொடவே கூடாது. பாதி விலை என்பதுதான் ஒட்டிய தலைக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மறுசாயம் பூசியதற்கும் கிட்டத்தட்ட அதே. வாங்கும்போது பாதி என்றால் விற்கும்போதும் பாதிதான். அதை மறந்துவிட்டுத்தான் பலபேர் ‘லாபம்’ என்று குதிக்கிறார்கள்.

1970களின் 335க்குக் கெட்ட பெயர். 1969 கடைசியில் கிப்ஸனின் தாய் நிறுவனம் கைமாறியது, பின்னால் அதன் பெயர் நார்லின் ஆனது. அந்தக் காலத்துக் கிட்டார்களில் தலைக்குப் பின்னால் ஒடியாமலிருக்க ஒரு கட்டிபோல மரம் புடைத்திருக்கும். நெக் பல துண்டு ஒட்டியதாக இருக்கும். சேகரிப்பவர்களுக்கு இது ஆகாது. என்னிடம் இருப்பது 1979, வால்நட் நிறம், டிரபீஸ் டெயில்பீஸ், ட்ரெபிள் பக்கக் கொம்பின் (நெக்கின் ஓரமாக உடல் நீளும் நுனி) அருகே பிக்கப்பின் காயிலைப் பிரிக்கும் சின்ன சுவிட்ச். அந்தச் சுவிட்சை நான் வருடத்துக்கு ஒருமுறை தொடுவேன், அதுவும் துடைக்கும்போது. நட்டை அளந்தால் 42 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். தலைப் புடைப்பு கட்டைவிரலுக்கு இடைஞ்சல் என்பார்கள். முதல் வாரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. இந்தக் காலத்துச் சரக்கில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம், எடையிலும் சரி, வேலைப்பாட்டிலும் சரி. நல்லதாக ஒன்று அமைந்தால் 4,000க்குள் கலமஸூ மரம் கையில் வரும். போட்டோ பார்த்து வாங்கவே கூடாத வகை இது.

தம்பிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. “கேசினோ எப்படிண்ணே? பீட்டில்ஸ் வச்சிருந்தாங்களே.” வைத்திருந்தார்கள். பால் மெக்கார்ட்னி 1964 கடைசியில் வாங்கினார், லெனனும் ஹாரிசனும் 1966இல். லெனன் பின்னால் தன் கிட்டாரின் சாயத்தையே சுரண்டி எடுத்துவிட்டார். எபிஃபோன் கேசினோவும் கிப்ஸன் ஈஎஸ்-330ம் ஒரே கூடத்தில் செய்த சகோதரர்கள்: எபிஃபோனை கிப்ஸனின் தாய் நிறுவனம் 1957இல் வாங்கியிருந்தது. பார்க்க 335 மாதிரியே இருக்கும், ஒற்றைக் காயில் பி-90 பிக்கப், ஆனால் நடுக்கட்டை கிடையாது. செமி-ஹாலோ என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் இது முழு ஹாலோதான். நெக் 16, 17ஆவது ஃபிரெட் பக்கத்திலேயே உடலில் சேர்ந்துவிடும், அதனால் மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை நுழையாது.

எங்கள் பக்கத்து ஊர்த் தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவில் ஒரு நண்பர் கேசினோ வாசித்தார். ஒத்திகையில் தேன் மாதிரி இருந்தது. மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்து ஒரு அடி நகர்ந்தார், அவ்வளவுதான். முதல் வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சவுண்டுக்காரர் அவர் வால்யூமைக் கீழே இழுத்துவிட்டார், நிகழ்ச்சி முடியும்வரை மேலே ஏற்றவே இல்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு இதைவிட இனிமையான துணை கிடையாது. ஆம்ப் போடாமலே கேட்கும், மடியில் பூனை மாதிரி லேசாக இருக்கும். டிரம்ஸோடு வாசிப்பவர் யோசிக்க வேண்டும். அதே எபிஃபோன் கூடத்தின் ரிவியராவும் ஷெரட்டனும் நடுக்கட்டை உள்ளவை, மினி-ஹம்பக்கர் போட்டவை, கொஞ்சம் கூர்மையான குரல். 60களில் செய்தவை எப்போதாவதுதான் கண்ணில் படும், பட்டாலும் நட் குறுகலாக இருக்கும்.

இனி நான் மனதார விரும்பும் இரண்டு.

முதலாவது கில்டு ஸ்டார்ஃபயர். ஆல்ஃபிரட் டிராஞ்ச் 1952இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் கில்டு. பிறகு நியூ ஜெர்சி ஹோபோக்கனுக்கும், 60களின் பின்பாதியில் ரோட் ஐலண்டின் வெஸ்டர்லிக்கும் போனது. ஸ்டார்ஃபயர் வரிசையில் 2, 3 ஆகியவை ஒற்றைக் கொம்பு ஹாலோ. 4, 5, 6 ஆகியவைதான் 335க்குப் போட்டியாக வந்த இரட்டைக் கொம்புக்காரர்கள். எண்ணைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு “நடுக்கட்டையைக் காணோமே” என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். 60களில் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ‘பட்டி கை’ (Buddy Guy) வாசித்தது ஒரு ஸ்டார்ஃபயர்தான். முதலில் மினி-ஹம்பக்கர், 60களின் கடைசியோடு பெரிய ஹம்பக்கர். மினி-ஹம்பக்கர் உள்ளவற்றைச் சுத்தமாக வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நிற்கும். ஆம்பைத் திருகினால் உறுமும், ஆனால் 335 மாதிரிக் குழையாது. வேலைப்பாட்டில் கிப்ஸனுக்கு ஒரு இம்மியும் குறைவில்லை. இருந்தும் அதே வயது 335இன் விலையில் பாதியைச் சுற்றித்தான் நிற்கிறது. காரணம், தலையில் எழுதியிருக்கும் பெயர். வாசிப்பவருக்கு இது அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வயதுக் கிட்டார்களில் நெக்கின் கோணம் முன்னால் சரிந்திருக்கலாம். பிரிட்ஜை அடிமட்டம்வரை இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறது என்றால் நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும், அந்தச் செலவில் ஒரு சுமாரான ஆம்ப் வாங்கலாம்.

இரண்டாவது ஜப்பான். நாகானோ மாகாணத்தில் மட்ஸுமோட்டோ என்று ஒரு ஊர். அங்கே மட்ஸுமோக்கு, ஃபூஜிஜென் என்று இரண்டு தொழிற்சாலைகள். ஐபனெஸ், கிரெக்கோ, ஏரியா ப்ரோ என்று 70களின் பல பெயர்கள் இவற்றிலிருந்துதான் வந்தன. 1970இலிருந்து எபிஃபோனும் ஜப்பானில்தான் செய்யப்பட்டது. ஆனால் தொடக்க வருட எபிஃபோன்கள் பலவற்றில் நெக்கை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அவை வேறு ரகம். கிப்ஸன் தலை வடிவத்தை நகலடித்ததற்காக நார்லின் 1977இல் ஐபனெஸின் அமெரிக்க விற்பனை நிறுவனமான எல்கர்மீது வழக்குப் போட்டது. வழக்கு ஒரே ஒரு நிறுவனத்தின் மேல். ஆனால் இன்று இணையத்தில் 70களின் எந்த ஜப்பான் கிட்டாரை எடுத்தாலும் ‘லாசூட்’ (வழக்கு) என்று ஒரு அடைமொழி ஒட்டியிருக்கும், அதற்கு 300 டாலர் கூட. அந்தச் சொல்லைக் கண்டால் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நகல் காலம் முடிந்த பிறகுதான் உண்மையான நல்ல காலம் வந்தது. ஐபனெஸ் ஏஎஸ்-200 1979இல் வந்தது, ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் ஸ்கோஃபீல்டு 1981இல் செய்த ஒன்றைக் காலமெல்லாம் வாசிக்கிறார். 70களின் கடைசியிலும் 80களிலும் யமஹா செய்த எஸ்ஏ-2000 இன்னொன்று. அதைத்தான் நான் தம்பிக்கு முதல் தேர்வாகச் சொன்னேன். என் நண்பர் ஒருவர் டோக்கியோவின் ஓச்சானோமிஸுவில், தெரு முழுக்கக் கிட்டார் கடை உள்ள பேட்டையில், வாங்கி வந்தது ஒன்று இருக்கிறது. நாற்பது வருடப் பழசு. நெக்கின் ஓரப்பட்டையான பைண்டிங்கும் ஃபிரெட்டும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் எங்குமே தட்டாது. என் 79இல் மூன்று இடத்தில் தட்டும். விலை என்னுடையதில் பாதிக்கும் கீழே. மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப் ஒன்று வாங்கலாம். கிட்டாரைவிட ஆம்ப்தான் குரலை அதிகம் மாற்றும் என்பதை யாரும் கேட்க விரும்புவதில்லை. குறை என்று சொன்னால், கை இழுத்துப் போகும் அந்தக் கொஞ்சம் கரடுமுரடான உயிர் இதில் குறைவு. நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“இவ்வளவு கஷ்டத்துக்குப் புதுசே வாங்கிரலாமேண்ணே” என்றார் தம்பி. வாங்கலாம். புதிய கிப்ஸன் 335 மூவாயிரத்துக்கு மேல், வாரண்டி உண்டு, நட் சரியான அகலம். கிப்ஸன் போனபிறகு கலமஸூவிலேயே தங்கிவிட்ட பழைய தொழிலாளர்கள் சிலர் 1985இல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் தொடங்கியதில் எச்-535 வருகிறது. பழையதாகக் கிடைத்தால் விலை நன்றாகவே இறங்கும், தலையின் வடிவம் பிடிக்காமல் பலர் ஒதுக்குவதால். எனக்கும் அந்தத் தலை பிடிக்காது, உண்மையைச் சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் போவதற்கு முன் மூன்று பொருள் எடுத்துப் போங்கள்: ஒரு அளவுகோல், சின்ன டார்ச், பல் மருத்துவர் கண்ணாடி மாதிரி ஒன்று. எஃப் வடிவத் துளை வழியே உள்ளே பார்த்தால் லேபிள் தெரியும். 1961 வரை ஏ-யில் தொடங்கும் எண் லேபிளில் இருக்கும். உள்மரத்தில் அச்சிட்ட தொழிற்சாலை எண்ணும் உண்டு, அதில் 1958க்கு T, 1959க்கு S, 1960க்கு R. 60களில் தலைக்குப் பின்னால் குத்திய ஆறு இலக்க எண்ணை நம்பி மட்டும் வருடம் சொல்லாதீர்கள், ஒரே எண்ணை வெவ்வேறு வருடத்தில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் வால்யூம், டோன் பாட்களின் (குமிழைத் திருகினால் சுழலும் பாகம்) முதுகில் ஒரு எண் இருக்கும். 1376632 என்றால் 137 செய்த கம்பெனி, 66 வருடம், 32ஆவது வாரம். பாட்டை மாற்றாமல் இருந்தால் கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம்.

இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். 1968 என்று சொல்லி ஒருவர் போட்டோ அனுப்பினார், வெளியே எல்லாம் சரி. வாங்கி ஆறு மாதம் கழித்து டோன் பாட் கரகரத்தது, பிரித்தேன். செமி-ஹாலோவைப் பிரிப்பது லேசு இல்லை: பின்பக்க மூடி கிடையாது, நாலு பாட், ஒரு சுவிட்ச், ஒரு ஜாக், எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தண்டிலும் பல் இடுக்கு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை ஓட்டைக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே தள்ளி, துளை வழியே கொக்கி போட்டு இழுப்பேன். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசு போட்டுத் தேடுகிற வேலை. அன்று பாட்டோடு வெளியே வந்த வயர்கள் பளபளவென்று புதிது. பிக்கப்பைத் திருப்பினால் போன வருடத்து ஈயம். மூலப் பிக்கப்புகளைத் தனியே விற்றுவிட்டு, புதியதைப் போட்டு, பழைய மூடியை மட்டும் மேலே பொருத்தியிருந்தார் அந்தப் புண்ணியவான். நூலைக் கட்டி எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அனுப்ப இரவு இரண்டு மணி ஆனது. கடைசி பாட்டின் நூல் பாதியில் அறுந்தது தனிக்கதை.

வீட்டுக்கு வந்தபிறகு பாடு வேறு. மிச்சிகன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கும். நெக் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். 45, 50 சதவீதத்தில் வைக்க ஒரு சின்ன ஈரப்பதக் கருவி போதும். பழைய செல்லுலாய்டு பிக்கார்டு (மேல்பலகையைக் கீறாமல் காக்கும் தகடு) ஆவி விட ஆரம்பித்தால் பக்கத்திலிருக்கும் உலோகத்தை எல்லாம் அரித்துவிடும், அதைக் கழற்றித் தனியே வையுங்கள், கேஸுக்குள்ளேயே போடாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 60களின் நடுவரை கிப்ஸன் நெக்கின் மேல் ஒட்டிய விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நாடு தாண்ட முறையான சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்தில் மாட்டும். அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி. 70களின் 335ஐ யாராவது மட்டம்தட்டினால் நான் இதைச் சொல்லிக் காட்டுவது வழக்கம்.

தம்பி அந்த 67ஐப் போய்ப் பார்த்தார். ஏ கார்டு பிடித்தார், டி பிடித்தார், திரும்ப ஏ பிடித்தார், கிட்டாரைக் கொடுத்துவிட்டு வந்தார். என் 79ஐ ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தார். நண்பரின் யமஹாவையும் வாசித்தார், “எல்லாமே சரியா இருக்குண்ணே” என்று ஏதோ குறை சொல்வது போலச் சொன்னார். ஜனவரியில் டொலிடோவில் ஒரு கடையில் ஸ்டார்ஃபயர் 5 ஒன்று கிடைத்தது. செர்ரி சிவப்பு, மினி-ஹம்பக்கர், மாற்றிய டியூனிங் கீ, முதுகில் பெல்ட் பக்கிள் தேய்த்த பெரிய வழுக்கை. நட்டை அளந்து போட்டோ அனுப்பினார். நான் யமஹாவைத்தான் மறுபடி சொன்னேன். 2,900க்கு கில்டை வாங்கிவிட்டார்.

அன்று வெளியே மைனஸ் 12. கிட்டார் காரின் டிக்கியில் ஒன்றரை மணி நேரம் வந்திருந்தது. குளிர்ந்த மரத்தைச் சட்டென்று சூடான அறையில் திறந்தால் மேலே பூசிய லாக்கர் பூச்சு கண்ணெதிரே கோடு கோடாக விரிசல் விடும், சில சமயம் சத்தமே கேட்கும். கேஸை மூடியபடியே கூடத்தில் வைக்கச் சொன்னேன். ஆறு மணிக்கு முதல் போன் வந்தது.

“அண்ணே, இப்போ திறக்கலாமா?”

“கேஸைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருக்கா?”

“கொஞ்சம்.”

“அப்போ சாப்பிட்டுட்டு வாங்க.”

ஏழரைக்கு இன்னொரு போன். எட்டரைக்கு இன்னொன்று. ஒன்பதே காலுக்கு வந்த போனில் அவர் எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல, தாழ்ப்பாள் ஒவ்வொன்றாகத் திறக்கும் டக் டக் சத்தம் மட்டும் கேட்டது.